பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நாள் ஒழுங்கு, ஒரு நாள் நீலத்திரை

கீற்று

வணக்கம் நண்பர்களே. தலையைப் பிய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

மெஷின் விவரம்: ஏஎம்டி சிப்புக்கான ஏஎம்5 போர்டு, எட்டு கோர் ரைசன் 7000 வரிசை, டிடிஆர்5 16 ஜிபி ஸ்டிக் இரண்டு (6000 வேகம், அந்த வேகத்துக்கு ராமை ஏற்றும் எக்ஸ்போ புரொஃபைலோடு), என்விஎம்இ எஸ்எஸ்டி, 850 வாட் பவர் சப்ளை. வாங்கியதிலிருந்து ஒரு குறையும் இல்லை. ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் எதுவும் செய்ததில்லை.

போர்டுக்குப் புதிய பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வந்திருந்தது. குறிப்பில் பாதுகாப்புத் திருத்தம், மெமரி இணக்கம் என்று போட்டிருந்தார்கள். பென்டிரைவில் காப்பி செய்து, பயாஸ் மெனுவுக்குள் இருந்தே ஏற்றினேன். நடுவில் கரன்ட் போகவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. பிறகு எக்ஸ்போவை ஆன் செய்தேன், விசிறி வேகத்தைப் பழையபடி வைத்தேன். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தொல்லை. நீலத்திரை வருகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு பெயரில். ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த முறை ஐஆர்க்யூஎல், இன்னொரு முறை பேஜ் ஃபால்ட். நீலத்திரை வராத நேரத்தில் பிரவுசர் டேப் தானாகச் செத்துப்போகிறது. ஒரு ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி பிழை (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்கிறது. அதே கோப்பை மறுநாள் பிரித்தால் ஒழுங்காக வருகிறது!

செய்து பார்த்தவை: கிராஃபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கித் திரும்பப் போட்டேன். விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன், சில கோப்புகளைச் சரிசெய்ததாகச் சொன்னது. ஓசிசிடி என்ற சுமைச் சோதனை ஒரு மணி நேரம் ஓடியது, பிழை இல்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 முழுவதும் ஓடியது, அதிலும் பிழை இல்லை.

அப்டேட்டால் கிடைத்த ஒரே நல்லது, பூட் ஆகும் வேகம். முன்பெல்லாம் பட்டனை அழுத்திவிட்டுக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது சட்டென்று லோகோ வந்துவிடுகிறது.

பழைய பயாஸுக்கே திரும்பிவிடலாமா?

சாலிடர்மணம்

திரும்பிவிடு தம்பி. நன்றாக ஓடுகிற மெஷினில் எதற்குக் கை வைத்தாய்? என் மெஷினில் வந்த நாளில் இருந்த பயாஸ்தான் இன்றும் இருக்கிறது. தேவை வந்தால் ஒழிய அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நிரல்நடை

"தேவை வந்தால்" என்பதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் அண்ணே? 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. பூட் ஆகும்போது காட்டும் லோகோ படத்தைப் படிக்கும் பகுதியிலேயே ஓட்டை. 2024 ஆகஸ்டில் ஏஎம்டி சிப்புகளில் சிங்க்குளோஸ் என்ற ஓட்டை வெளியே வந்தது. இவற்றுக்கு மருந்து பயாஸ் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. தொடவே மாட்டேன் என்று இருப்பதும் ஒரு ரிஸ்க்தான்.

சாலிடர்மணம்

என் மெஷினுக்குள் அந்த அளவு ஆழம் போய் உட்காரும் ஆள், அதற்கு முன்பே என் பாஸ்வேர்டை எல்லாம் எடுத்திருப்பான். சரி, இந்தச் சண்டை வேண்டாம். தம்பி பிரச்சினையைப் பார்ப்போம்.

பழுதுபெட்டி

கீற்று, இப்போதைக்குப் பழைய பதிப்புக்குப் போக வேண்டாம். மூன்று காரணம்.

சில போர்டுகள் ஒரு பதிப்பைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிப் போக விடாது. கட்டாயப்படுத்தினால் போர்டே படுத்துவிடலாம். அடுத்தது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பயாஸை மாற்றும்போது அதன் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் ரீசெட் ஆனால் விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்கும். நாற்பத்தெட்டு இலக்கம், கையில் இல்லையென்றால் டேட்டாவை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் எந்தத் திசையில் போனாலும் முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பழையதற்குப் போய்ச் சரியாகிவிட்டால், எதனால் கெட்டது என்று கடைசிவரை தெரியாது. பயாஸ் கோப்பு ஒன்று என்றாலும் உள்ளே பல சரக்கு இருக்கிறது. ஏஎம்டி தரும் அஜீசா தொகுப்பு, அதற்குள் மெமரியைத் தயார்செய்யும் பகுதி, சிப்பின் உள் நடத்தையைத் திருத்தும் மைக்ரோகோட், மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபர்ம்வேர், அதன் மேல் போர்டு கம்பெனி தன் பங்குக்கு வைத்திருக்கும் "ஆட்டோ" மதிப்புகள். இந்த ஆட்டோதான் வில்லன். மெனுவில் பார்த்தால் அன்றும் ஆட்டோ, இன்றும் ஆட்டோ. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மின் கேபிளைக் கழற்றிவிட்டு சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) செய்யுங்கள். "ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்" போடுங்கள். எக்ஸ்போ ஆஃபாகவே இருக்கட்டும். பழைய பதிப்பில் சேமித்த புரொஃபைல் ஏதாவது இருந்தால் அதை ஏற்றவே கூடாது. மெனு அமைப்பு மாறியிருந்தால் ஒரு மதிப்பு போக வேண்டிய இடத்தில் வேறொன்று போய் உட்காரும். இப்படியே நாலைந்து நாள் வேலை பாருங்கள்.

விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரையும் திறந்து பாருங்கள். கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் நிறைய இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது. ஆனால் அதன் விவரத்தில் பக்செக்கோட் என்று ஒரு எண் இருக்கும். 0 என்றால் நீலத்திரை பதிவாகவே இல்லை: மின்சாரம் போயிருக்கலாம், அல்லது மெஷின் மொத்தமாக உறைந்திருக்கலாம். 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட், 10 என்றால் ஐஆர்க்யூஎல், 80 என்றால் பேஜ் ஃபால்ட். வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வீயா லாகர் என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

குளிர்விசிறி

இதே போல எனக்கும் வந்தது! பயாஸ் ஏற்றிய பிறகு கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகும். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டைப் போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிள். கார்டைச் செங்குத்தாக மாட்டியிருந்தேன், கேபிள் பிசிஐஇ 3.0 தரத்தில் உள்ளது. முன்பு பயாஸில் கையால் ஜென் 3 (பிசிஐஇ 3.0 வேகம்) என்று வைத்திருந்தேன். அப்டேட் எல்லாவற்றையும் ஆட்டோவுக்குக் கொண்டுபோய்விட்டது, கார்டும் போர்டும் ஜென் 4இல் பேச ஆரம்பித்துவிட்டன. திரும்ப ஜென் 3 என்று வைத்ததும் சரியாகிவிட்டது.

பழுதுபெட்டி

நல்ல தகவல், ரைசர் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கீற்றுக்கு ஜிப் கோப்பில் சிஆர்சி பிழை வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் போக வேண்டியதில்லை.

கையால் மாற்றிய எதுவும் அப்டேட்டில் அழிந்துபோகும் என்பது பொதுவான விஷயம். ஸ்டோரேஜ் இயங்கும் முறை ரெய்டு அல்லது விஎம்டியில் இருந்து ஏஹெச்சிஐக்கு மாறினால் விண்டோஸ் பூட்டே ஆகாது, இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று நிற்கும். சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) ஆஃப் ஆனால் பழைய எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது. அதனால் அப்டேட்டுக்கு முன் மெனு ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்து வைப்பது என் வழக்கம். பல போர்டுகளில் எஃப்12 அழுத்தினால் பென்டிரைவில் ஸ்கிரீன்ஷாட்டே விழும்.

கீற்று

சிமாஸ் கிளியர் செய்து, எக்ஸ்போ இல்லாமல் 4800இல் ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. ஜிப் ஒழுங்காகப் பிரிகிறது. டேப் சாகவில்லை. மறுபடி எக்ஸ்போ போட்டதும் மறுநாள் காலையே நீலத்திரை.

ஈவன்ட் வியூவரில் 41 வரிசையாக இருக்கிறது. பக்செக்கோட் 26, 80, 10, மறுபடி 26. வீயா பதிவு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் ராம் போய்விட்டதா அண்ணா?

சாலிடர்மணம்

ராம்தான். மாற்றிவிடு, வாரன்டி இருக்குமே.

நிரல்நடை

அவசரப்பட வேண்டாம். ராம் உண்மையிலேயே கெட்டிருந்தால் மெம்டெஸ்ட்86 முழுதாக ஓடி முடிந்திருக்குமா? அதுவும் அப்டேட் போட்ட அதே நாளிலா கெடும்?

எனக்கு எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் மெமரியைக் கையாளும் பகுதிக்குப் போவது) மேல்தான் சந்தேகம். 2023 ஏப்ரலில் 7000எக்ஸ்3டி சிப்புகள் சில கருகின விவகாரம் நினைவிருக்கும். எக்ஸ்போ போட்டால் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றின. அதற்குப் பிறகு வந்த பயாஸ்களில் 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பூட்டுப் போட்டார்கள். கூடுதல் வோல்டேஜ் தயவில் ஓடிக்கொண்டிருந்த ராம் கிட்டுகள் அப்போது தடுமாறியிருக்கலாம். கீற்று, உங்கள் பழைய பயாஸ் அதற்கு முந்தையதா? எஸ்ஓசி இப்போது எவ்வளவு காட்டுகிறது?

இன்னொன்று: 6000 என்பது ராம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தாளில் போட்டுக் கொடுத்தது, இரண்டு ஸ்டிக்கோடு 5200தான். நாலு ஸ்டிக் போட்டால் 3600. எக்ஸ்போ போடுவதே ஓவர்கிளாக்தான், ஒரே ஒரு கிளிக்கில் ஆகிவிடுவதால் நாம் யாரும் அப்படி நினைப்பதில்லை.

கீற்று

பழைய பயாஸ் 2024இல் வந்தது, ஆகவே பூட்டு அதிலேயே இருந்திருக்கும். எஸ்ஓசி இப்போது 1.24 காட்டுகிறது. 1.28 வரை கையால் ஏற்றிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. ராம் வோல்டேஜ் எக்ஸ்போ சொல்லும் 1.35இல்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். டிடிஆர்5இல் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) உள்ளேயே இருக்கிறது என்கிறார்களே, பிறகு எப்படி இப்படிப் பிழை வருகிறது?

நிரல்நடை

அது ராம் சிப்புக்குள்ளே மட்டும். சிப்பின் உள்ளே ஒரு பிட் புரண்டால் வெளியே அனுப்பும் முன் திருத்திக்கொள்ளும். சிப்பை விட்டு டேட்டா கிளம்பி பிராசசருக்கு வந்து சேரும் பாதையில் நடக்கும் கோளாறு அதன் கண்ணில் படாது. உங்கள் சிக்கல் அந்தப் பாதையில்தான் என்று தோன்றுகிறது. அந்தப் பாதையையும் காக்க வேண்டுமென்றால் ஈசிசிக்கென்றே கூடுதல் சிப் வைத்த ராம் வேண்டும். அதைக் கையாளும் போர்டும் வேண்டும்.

புதியவன்7

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களும் இதே வழியில் போகலாமா? பயாஸ் அப்டேட் கட்டாயம் என்கிறார்கள், சிலர் போட வேண்டாம் என்கிறார்கள்.

பழுதுபெட்டி

அது வேறு கதை. அங்கே அப்டேட் போடாமல் இருப்பதுதான் ஆபத்து.

சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தத் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் கோருக்குள் இருக்கும் கிளாக் சர்க்யூட் ஒன்று, அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் மூப்படைகிறது. இதற்கு விமின் ஷிஃப்ட் என்று இன்டெலே 2024 செப்டம்பரில் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்பதைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகோட் வரிசையாக வந்தது: 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப். இவை பயாஸ் அப்டேட்டில்தான் வரும். வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள்.

கவனிக்க வேண்டியது, மைக்ரோகோட் இனி மூப்பு ஏறாமல்தான் காக்கும். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சிப்பைத் திருப்பிக் கொண்டுவராது. அதனால் அங்கே அப்டேட்டுக்குப் பிறகு கிராஷ் தெரிந்தால், அப்டேட் கெடுத்ததா, முன்பே கெட்டது இப்போது தெரிகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேம் ஷேடர் (கிராஃபிக்ஸ் நிரல்) தயார்செய்யும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொன்னால், கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதும் சொன்னால், அது இந்த நோயின் பேர்போன அடையாளம். இன்டெல் டீஃபால்ட் செட்டிங்கில் வைத்து, எக்ஸ்எம்பி (எக்ஸ்போ போன்ற இன்டெல் புரொஃபைல்) ஆஃப் செய்து பாருங்கள். அப்போதும் வந்தால் சிப்பை வாரன்டிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

மேலே ஏதாவது கேட்க வேண்டுமானால் தனி இழை திறங்கள். இங்கே கீற்று பாவம், காத்துக்கொண்டிருக்கிறார்.

மின்மினி

முழுக்கப் படித்தேன். எல்லோரும் என்ன பிழை என்றே கேட்டிருக்கிறீர்கள், எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெமரி சிக்கலில் நீலத்திரையின் பெயருக்குப் பெரிய மதிப்பில்லை. கெட்டுப்போன பிட் எந்த நிரலின் இடத்தில் விழுகிறதோ அந்தப் பெயரில் விண்டோஸ் சாகும்.

கீற்று, மூன்று கேள்வி.

ஒரே நாளில், ஆஃப் செய்யாமல் ஓடும்போது, காலையில் நன்றாக இருந்து மாலையில் கெடுகிறதா? இல்லை, கெடுகிற நாளில் ஆரம்பத்திலிருந்தே கெட்டுத்தான் இருக்கிறதா?

கெட்ட நாளில் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதா, அல்லது முழுவதும் ஆஃப் செய்து போட்டால்தானா?

மெம்டெஸ்ட் ஓட்டியது எப்போது? பயாஸில் ஏதாவது மாற்றிவிட்டு உடனே ஓட்டினீர்களா?

கீற்று

அக்கா, இப்படி யோசித்துப் பார்க்கவில்லை. குறித்துவைத்ததைப் பார்த்துச் சொல்கிறேன்.

நன்றாகத் தொடங்கினால் இரவு வரை நன்றாகவே ஓடுகிறது, எவ்வளவு வேலை கொடுத்தாலும். கெட்டதாகத் தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே டேப் சாக ஆரம்பிக்கிறது. பிறகு நீலத்திரை. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் இல்லை. நடுவில் மாறியதே கிடையாது. கெட்ட தொடக்கம் பெரும்பாலும் காலையில், இரவெல்லாம் ஆஃபில் இருந்த பிறகு.

மெம்டெஸ்ட் ஓட்டியது எக்ஸ்போவை ஒரு முறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்த கையோடு.

மின்மினி

அப்போது விடை உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. "சட்டென்று லோகோ வந்துவிடுகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான்.

டிடிஆர்5 இந்த வேகத்தில் ஓட, பிராசசரிலிருந்து ராம் வரை ஒவ்வொரு கம்பியிலும் சிக்னல் எப்போது வந்து சேர்கிறது, எந்த அளவு வோல்டேஜில் அதை 0, 1 என்று பிரிப்பது என்று பூட் நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். இதைத்தான் மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். முன்பு நீங்கள் பார்த்த கறுப்புத் திரை இதுதான். ஏஎம்5 வந்த புதிதில் எல்லோரும் இதைத்தான் திட்டினார்கள்.

அந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வசதி உண்டு, பெயர் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர். ஒரு முறை முழுதாக அளந்து, எண்களைச் சேமித்துவைத்து, அடுத்த பூட்களில் அளக்காமல் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். லோகோ சட்டென்று வருகிறது. ஆனால் அந்த எண்கள் எடுத்த நேரத்துச் சூடு வேறு, காலையில் குளிர்ந்து கிடக்கும்போது உள்ள நிலை வேறு. 4800இல் இடைவெளி தாராளமாக இருப்பதால் பழைய எண்ணை வைத்துக்கொண்டே ஓடிவிடும். 6000இல் அந்த இடைவெளி மிகக் குறுகல், கொஞ்சம் நகர்ந்தாலும் பிழைதான். அதனால்தான் உங்கள் சிக்கல் மணிக்கணக்கில் மாறாமல் பூட்டுக்குப் பூட்டு மாறுகிறது.

என் கணிப்பு: பழைய பயாஸில் இந்த ஆட்டோ "ஆஃப்", புதியதில் "ஆன்". மேலே பழுதுபெட்டி சொன்ன வில்லன்தான்.

மெம்டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? எக்ஸ்போவைத் தொட்டதும் அடுத்த பூட்டில் முழு டிரெய்னிங் நடந்திருக்கும். அளந்து முடித்த புத்தம்புதிய எண்களோடு டெஸ்ட் ஓடியது. பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? அது மட்டுமில்லை, மெம்டெஸ்ட்86 ஓட்ட ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். அந்த ரீஸ்டார்ட்டிலேயே கெட்ட நிலை போய்விடலாம்.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். எதையும் மாற்றாமல் ஒரு கெட்ட காலைக்குக் காத்திருங்கள். டேப் செத்ததும் ரீஸ்டார்ட் செய்யாமல் விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனை நிரலை ஓட்டுங்கள். பிழை கொட்டினால் உறுதி. அந்த நேரத்தில் முக்கியமான கோப்பு எதையும் திறந்து வைக்காதீர்கள்.

பிறகு பயாஸில் ஏஎம்டி சிபிஎஸ், யுஎம்சி, டிடிஆர் என்ற வழியில் உள்ளே போனால் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் இருக்கும். சில போர்டுகளில் ஓவர்கிளாக் மெனுவிலேயே இருக்கும், தேடல் பெட்டி இருந்தால் தட்டச்சு செய்து பாருங்கள். டிசேபிள்டு என்று வையுங்கள், ஆட்டோ வேண்டாம்.

நிரல்நடை

அருமை. ஒரு சேர்க்கை: பவர் டவுன் எனேபிள் என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். வேலையில்லாத நேரத்தில் ராமை அரைத்தூக்கத்துக்கு அனுப்புவது. கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் ஆன், பவர் டவுன் ஆஃப் என்ற ஜோடிதான் பலருக்கும் நீலத்திரை தந்திருக்கிறது. இரண்டும் ஆன் என்றால் பெரும்பாலும் ஓடும். லேட்டன்சி (ராம் பதில் தரும் தாமதம்) கொஞ்சம் கூடும் என்பதால் போர்டு கம்பெனிகள் எக்ஸ்போ போட்டதும் பவர் டவுனை அணைத்துவிடுகின்றன.

கீற்று

மின்மினி அக்கா, இரண்டு காலை ஒழுங்காக ஓடிக் கடுப்பேற்றியது. அப்புறம் இன்று கெட்ட தொடக்கம் கிடைத்தது. டேப் செத்ததும் டெஸ்ட்மெம்5 ஓட்டினேன். முதல் சுற்று முடியும் முன்பே பிழை வந்துவிட்டது, நிறுத்தும்வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அப்படியே ஆஃப் செய்து, ரீஸ்டோரை டிசேபிள்டு என்று வைத்து, அதே எக்ஸ்போ 6000இல் மறுபடி ஓட்டினேன். முழுச் சுற்றும் சுத்தம்.

பழைய கறுப்புத் திரை திரும்பி வந்துவிட்டது. பரவாயில்லை, டீ குடிக்கப் போய்விடுவேன்.

சாலிடர்மணம்

ராமை மாற்றச் சொன்னவன் யாரப்பா அது, முகத்தைக் காட்டு என்று யாரும் கேட்கும் முன் நானே போய்விடுகிறேன். மின்மினிக்கு வணக்கம்.

பழுதுபெட்டி

கீற்று, இன்னும் முடியவில்லை. இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கெட்ட நாட்களில் அந்த மெஷின் எழுதிய எல்லாக் கோப்பும் சந்தேகத்துக்குரியவை. நீலத்திரை வந்தால் நமக்குத் தெரிகிறது. ஒரு பிட் புரண்டு, அது ஒரு போட்டோவுக்குள்ளோ கணக்குக் கோப்புக்குள்ளோ போய் எஸ்எஸ்டியில் பதிந்தால் யாருக்கும் தெரியாது. எஸ்எஸ்டி தன்னிடம் வந்ததை ஒழுங்காகத்தான் எழுதியது. வந்ததே தப்பு.

முதலில், அந்த நாட்களில் எடுத்த பேக்கப்பைப் பழைய பேக்கப் மேல் எழுத விடாதீர்கள். தானாக ஓடும் பேக்கப் இருந்தால் நிறுத்திவையுங்கள். அப்டேட்டுக்கு முந்தைய பேக்கப்போடு ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் தொடாத கோப்பு மாறியிருந்தால் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உருவான ஜிப், ரார் எல்லாவற்றையும் டெஸ்ட் கொடுங்கள், அவற்றுக்குள்ளேயே சிஆர்சி இருப்பதால் எளிது. இடம் மாற்றிய போட்டோ, வீடியோவைத் திறந்து பாருங்கள், மூலம் கேமரா கார்டில் இன்னும் இருந்தால் அழிக்காதீர்கள்.

விண்டோஸுக்கு: முதலில் டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த் (எஸ்எஃப்சி எடுத்துப்போடும் மூலப் பிரதிகளைச் சீர்செய்வது), பிறகு எஸ்எஃப்சி. நீங்கள் முன்பு எஸ்எஃப்சி ஓட்டியது கெட்ட மெமரியோடு, அது "சரிசெய்தது" என்று சொன்னதை நம்ப முடியாது. கெட்ட நாட்களில் விண்டோஸ் அப்டேட் ஏதாவது ஏறியிருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடுவேன்.

கீற்று

இதை நினைக்கவே இல்லை அண்ணா. பேக்கப்பை நிறுத்திவிட்டேன். ஹாஷ் ஒப்பிட்டதில் நான் தொடாத இரண்டு வீடியோக்கள் மாறியிருக்கின்றன. அந்த வாரத்தில்தான் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு, வேறு டிரைவுக்கு நகர்த்தினேன். ஓடவிட்டால் நடுவில் ஒரு நொடி பச்சைக் கட்டங்களாக உடைகிறது. பழைய பேக்கப்பில் நல்ல பிரதி இருந்தது, எடுத்துவிட்டேன். விண்டோஸையும் புதிதாகப் போடப் போகிறேன்.

நிரல்நடை சொன்ன ஜோடியையும் பார்த்தேன். ரீஸ்டோர் ஆன், பவர் டவுன் ஆன். நாலைந்து குளிர்ந்த காலைகளிலும் ஒழுங்காகத்தான் ஓடியது, லோகோவும் உடனே வருகிறது. ஆனால் ஹாஷ் விவகாரத்துக்குப் பிறகு எனக்கு அந்த வேகத்தின் மேல் ஆசை போய்விட்டது. டிசேபிள்டிலேயே விட்டுவிட்டேன்.

புதியவன்7

என் இன்னொரு மெஷினும் ஏஎம்5தான். அதில் இரண்டும் "ஆட்டோ" என்று மட்டும் காட்டுகிறது. ஆட்டோ என்றால் உள்ளே ஆனா ஆஃபா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்மினி

பவர் டவுனுக்கு ஜென்டைமிங்ஸ் என்ற சின்ன நிரல் போதும். விண்டோஸில் திறந்தால் பவர் டவுன் ஆனா ஆஃபா என்று நேராகக் காட்டும். கான்டெக்ஸ்ட் ரீஸ்டோருக்குக் கடிகாரம்தான் கருவி. முழுவதும் ஆஃப் செய்து, பட்டனை அழுத்தியதிலிருந்து லோகோ வரை நேரம் பாருங்கள். பிறகு டிசேபிள்டு என்று கையால் வைத்து, மாற்றத்துக்குப் பிந்தைய முதல் பூட்டைக் கணக்கில் எடுக்காமல் இரண்டாவதைப் பாருங்கள். நேரம் நன்றாகக் கூடினால் உங்கள் ஆட்டோ இதுவரை ஆனில் இருந்தது. அடுத்த பயாஸ் ஏற்றினால் இதை மறுபடி பார்க்க வேண்டும்.